அமெரிக்கத் துப்பாக்கிச் சட்ட ஆய்வுகள்: முப்பது ஆண்டு வாதத்தில் எது நிலைத்து நிற்கிறது?

எண்கணியன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவின் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, அங்கே ஏதோ ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுவாரம் எழுதப்படுபவை. அவற்றில் அரசியல் இருக்கும், வேதனை இருக்கும். ஆனால் இந்தச் சட்டங்கள் உயிர்களைக் காக்கின்றனவா என்று கணக்கிட்டுப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள், அந்தக் கணக்கை மற்றவர்கள் ஏன் ஏற்கவில்லை என்ற செய்தி இருக்காது. கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்த ஆய்வுகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றைப் பற்றி நிதானமாகப் பேசவே இந்த இழை.

இரண்டு ஆய்வுகளிலிருந்து தொடங்குகிறேன். முதலாவது, ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. டென்னசி, வாஷிங்டன், ஒஹாயோ ஆகியவற்றில் மாநிலத்துக்கு ஒரு கவுன்டியை (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் கொலையுண்ட ஒவ்வொருவரையும், அதே அக்கம்பக்கத்தில் வாழ்ந்த, பாலினத்திலும் இனத்திலும் வயதிலும் ஒத்த இன்னொருவரோடு இணை சேர்த்து ஒப்பிட்டார்கள். இப்படி 388 இணைகள் கிடைத்தன. போதைப்பொருள் பழக்கம், தனியாக வாழ்தல், வீட்டில் முன்பே நடந்த அடிதடி முதலியவற்றைக் கணக்கில் கொண்டு கழித்த பிறகும், துப்பாக்கி இருந்த வீடுகளில் கொலை நேரும் வாய்ப்பு 2.7 மடங்காக இருந்தது. கொன்றவர்களில் பெரும்பாலோர் உறவினர் அல்லது தெரிந்தவர்.

இரண்டாவது, பொருளியல் அறிஞர்கள் ஜான் லாட்டும் டேவிட் மஸ்டார்டும் 1997இல் வெளியிட்டது. தகுதி உள்ள எவர் கேட்டாலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தை அரசு கொடுத்தாக வேண்டும் என்ற சட்டத்தை ஒவ்வொரு மாநிலமாக நிறைவேற்றிக்கொண்டிருந்த காலம் அது. 1977 முதல் 1992 வரை நாடு முழுவதும் கவுன்டி வாரியான குற்றப் பதிவுகளைத் திரட்டி, அந்தச் சட்டம் வந்த இடங்களில் கொலைகள் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தன என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். எதிரில் இருப்பவன் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாம் என்ற ஐயமே குற்றவாளியைத் தயங்க வைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இவை இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த எதிரெதிர் விடைகள் அல்ல. ஒன்று வீட்டைப் பற்றியது, மற்றது வீதியைப் பற்றியது. ஆயினும் அரசியல் மேடைகளில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் வாள்களாகவே பயன்பட்டன. கெல்லர்மன் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. என்பதால், 1996இல் அர்க்கன்சா மாநிலத்து உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் அழைக்கப்படும் திருத்தத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக வாதாடவோ பரப்புரை செய்யவோ அந்த மையத்தின் பணம் செலவாகக் கூடாது என்பதே அதன் வாசகம். ஆய்வு கூடாது என்று அதில் எழுதப்படவில்லை. ஆனால் துப்பாக்கிக் காய ஆய்வுகளுக்கு முந்தைய ஆண்டு செலவான 26 லட்சம் டாலரை அப்படியே வேறு பணிக்கு மாற்றிவிட்டதால், அந்த வாசகத்தின் பொருள் என்ன என்று அதிகாரிகள் எவரும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு இப்படியே கழிந்தது.

இந்த ஆய்வுகளில் எதை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே என் கேள்வி. துறை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

நூலேணி

எண்கணியன் ஐயா, கணக்குக்குப் போகும் முன் சட்ட வாசகத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கணக்குகளுக்கு நீதிமன்றத்தில் எவ்வளவு இடம் உண்டு என்பது இந்த வாசகத்தை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

1791இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தத்தை, அதன் வாக்கிய அமைப்பைக் கூடியவரை காத்துத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நன்கு ஒழுங்குசெய்யப்பட்ட குடிப்படை, சுதந்திர அரசு ஒன்றின் பாதுகாப்புக்கு இன்றியமையாததாக இருக்க, ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது.' குடிப்படை என்பது குடிமக்களைக் கொண்டு அமைந்த படை. அந்த 'இருக்க' என்ற சொல்லில்தான் இருநூறு ஆண்டு வழக்கு அடங்கியிருக்கிறது. நம் இலக்கணத்தில் செயவென் எச்சத்துக்கு மூன்று பொருள் சொல்வார்கள். 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றால் அது காரணம். 'நெல் விளைய மழை பெய்தது' என்றால் காரியம். 'ஞாயிறு பட வந்தான்' என்றால் இரண்டும் உடன் நிகழ்ந்தவை, அவ்வளவே. ஆங்கில மூலத்தில் உள்ள எச்சத் தொடரும் இதே போன்ற நெகிழ்ச்சி உடையது.

2008இல் ஹெல்லர் வழக்கில், தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீக்கியபோது, நீதிபதி ஸ்கலியா முன்தொடரை நோக்கம் கூறும் முகவுரையாக மட்டுமே கொண்டார். முகவுரை நோக்கத்தைச் சொல்லும், உரிமையின் எல்லையைக் குறைக்காது என்பது அவர் வாதம். மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ், குடிப்படைக்காகவே தரப்பட்ட உரிமை அந்தப் படையோடு கட்டுண்டது என்றார். நெல் விளைவதற்குப் பெய்த மழையை நெல்லை விட்டுப் பிரித்துப் பேச முடியுமா என்பதுதான் இருவருக்கும் இடையிலான பூசல் என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

அத்தீர்ப்புக்குப் பின் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளின் பெரிய மின்தொகுப்புகள் வந்தன. மொழியியலாளர் டென்னிஸ் பேரன் அவற்றில் தேடி, 'ஆயுதம் ஏந்துதல்' என்ற தொடர் வரும் ஏறத்தாழ 1,500 இடங்களில் படை, போர் தொடர்பில்லாதவை விரல்விட்டு எண்ணத்தக்கவை என்று எழுதினார். இது ஸ்டீவன்ஸ் பக்கம் சாய்கிறது. ஆனால் எதிர்த்தரப்பின் விடையும் எளிதில் தள்ளத்தக்கதல்ல. திருத்தம் 'ஏந்துதல்' என்று மட்டும் சொல்லவில்லை, 'வைத்திருத்தல்' என்றும் சொல்கிறது. அந்தச் சொல்லுக்குப் படைச்சாயல் இல்லை.

ஹெல்லர் வழக்கில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது நீதிபதி பிரையரின் மாறுபட்ட தீர்ப்பு. ஐயா குறிப்பிடும் வகை ஆய்வுகளை எடுத்துவைத்து, அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன, முரண்படும் இடத்தில் தீர்மானிக்கும் பொறுப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கே உரியது என்று அவர் எழுதினார். பெரும்பான்மையோ அப்படி எடைபோடும் முறையையே ஏற்கவில்லை.

மிசிசிப்பிக்கரை

நான் இருபது ஆண்டுகளாகச் செயின்ட் லூயிஸ் அருகே வசிக்கிறேன். சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு வீடுகளுக்குள் இரவில் ஆட்கள் புகுந்தார்கள். அதற்கு அடுத்த மாதம் வாங்கியது. ஆகவே கெல்லர்மன் ஆய்வைப் படிக்கும்போது எனக்கு எழும் முதல் கேள்வி, என் போன்றவனை அது எந்தப் பக்கம் எழுதும் என்பதே. ஆபத்து இருந்ததால் துப்பாக்கி வாங்கினேன். நாளை எனக்கு ஏதாவது நேர்ந்தால், துப்பாக்கி இருந்ததால் ஆபத்து வந்தது என்று அந்தக் கணக்கு சொல்லிவிடும். கொலைக்குப் பயன்பட்டது அந்த வீட்டுத் துப்பாக்கிதானா, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதா என்பதையும் 2.7 என்ற எண் பிரித்துக் காட்டவில்லை. குடை வைத்திருப்பவர்கள் அதிகம் நனைகிறார்கள் என்று கண்டுபிடித்து, குடையால்தான் மழை என்று சொல்வது போன்றது இது.

இன்னொன்றும் உண்டு. சுடாமலே தடுக்கப்பட்ட குற்றங்கள் எந்த மருத்துவமனைப் பதிவிலும் வருவதில்லை. புளோரிடாவைச் சேர்ந்த குற்றவியல் பேராசிரியர் கேரி க்ளெக், மார்க் கெர்ட்ஸுடன் சேர்ந்து ஏறத்தாழ 5,000 பேரைத் தொலைபேசியில் விசாரித்து, ஆண்டுக்கு 25 லட்சம் முறை அமெரிக்கர்கள் தற்காப்புக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறார்கள் என்று 1995இல் கணித்தார். அதே இதழில் மார்வின் வுல்ஃப்காங் எழுதிய மறுமொழியை அனைவரும் படிக்க வேண்டும். துப்பாக்கிகளே இல்லாத உலகை விரும்பியவர் அவர். அந்த முடிவு தமக்கு உவப்பானதல்ல என்றும், ஆயினும் அதன் ஆய்வு முறையில் தம்மால் குறை காண இயலவில்லை என்றும் வெளிப்படையாக எழுதினார். அத்தகைய நேர்மை இன்று எந்தத் தரப்பிலும் அரிதாகிவிட்டது.

எண்கணியன்

குடை உவமை கெல்லர்மன் ஆய்வைப் பொறுத்தவரை நியாயமானது. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க முயன்ற ஆய்வுகள் பின்னர் வந்தன. அவற்றை மருத்துவத் துறையினர் எவரேனும் விளக்கினால் நன்று.

25 லட்சம் என்ற எண்ணுக்கு வருகிறேன். வுல்ஃப்காங்கின் நேர்மையை நானும் மதிக்கிறேன், ஆனால் முறையில் குறை இல்லை என்ற அவருடைய மதிப்பீடு தவறு என்றே கருதுகிறேன். அந்தக் கணக்கெடுப்பில் 'ஆம்' என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர் அல்லது சற்றே அதிகம். அரிதான ஒன்றைப் பற்றி ஆயிரம் பேரைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஒருவருக்கே அது நடந்திருக்கிறது. மீதி 999 பேரில் நூற்றுக்கு ஒருவர் மறதியாலோ பெருமைக்காகவோ, மூன்று ஆண்டுக்கு முன் நடந்ததைச் சென்ற ஆண்டு என்று நினைத்தோ 'ஆம்' என்று சொன்னால், நமக்குக் கிடைப்பது பதினொரு 'ஆம்'. உண்மையைப் போல் பதினொரு மடங்கு. மறுதிசைப் பிழை இதைச் சரிக்கட்டாது. 'இல்லை' என்று பொய் சொல்ல அங்கே ஒரே ஒருவர்தான் இருக்கிறார். 'ஆம்' என்று பிழையாகச் சொல்ல 999 பேர் இருக்கிறார்கள். ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வே 1997இல் இதைத்தான் காட்டினார். அதோடு நிற்காமல், க்ளெக்கின் கணக்குப்படி வீடு புகுந்த திருடர்களைத் துப்பாக்கியால் விரட்டிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை, ஆள் விழித்திருந்து, துப்பாக்கியும் இருந்த வீடுகளில் நடந்த திருட்டுகளின் மொத்த எண்ணிக்கையையே மிஞ்சிவிடுகிறது என்றும் சுட்டினார். அரசு நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு, முதலில் குற்றம் நடந்ததா என்று கேட்டுவிட்டு, பிறகுதான் எப்படித் தற்காத்தீர்கள் என்று கேட்கிறது. அதில் கிடைப்பது ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான். அந்த முறையில் தற்காப்பு நிகழ்ச்சிகள் சில விடுபடும் என்று க்ளெக் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் விடுபடல் இருபத்தைந்து மடங்கு இருக்க வழியில்லை.

லாட்டின் முடிவின் கதை இதைவிட நீண்டது, எனக்கு இதைவிட முக்கியமானதும் கூட. அவர் எடுத்துக்கொண்ட காலத்தின் பிற்பகுதியில் கிராக் கோக்கெய்ன் என்ற போதைப்பொருள் பெருநகரங்களில் கொலைகளைப் பெருக்கியது. நியூயார்க், கலிஃபோர்னியா போன்று உரிமச் சட்டத்தைத் தளர்த்தாத மாநிலங்களில்தான் அந்தப் பெருநகரங்கள் பல இருந்தன. தளர்த்திய மாநிலங்களோ பெரும்பாலும் சிற்றூர்கள் மிகுந்தவை. எனவே தளர்த்திய இடங்களில் குற்றம் குறைந்ததாகத் தெரிந்ததில் ஒரு பகுதி, தளர்த்தாத இடங்களில் வேறு காரணத்தால் குற்றம் கூடியதன் நிழல். ஆண்டுகளைக் கூட்டினாலும், மாநிலங்களைச் சேர்த்தாலும், சமன்பாட்டில் ஒரு காரணியை மாற்றினாலும் விடை குறைவிலிருந்து கூடுதலாகக் குறி மாறியது. 2004இல் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு, இந்தச் சட்டங்கள் குற்றத்தைக் குறைத்தன என்றோ கூட்டின என்றோ சொல்லத் தக்க சான்று இல்லை என்று முடிவு செய்தது. ஒரே ஒருவர், ஜேம்ஸ் க்யூ. வில்சன், கொலைகளைப் பொறுத்தவரை லாட்டின் முடிவு தாக்குப்பிடிக்கிறது என்று தனிக்குறிப்பு எழுதினார். அதைக் குழுவின் மற்றவர்கள் ஏற்கவில்லை.

அதன் பிறகு ஸ்டான்ஃபோர்டின் ஜான் டொனஹ்யூவும் அவருடைய குழுவினரும் 2019இல் வேறு வழியை எடுத்தார்கள். டெக்சாசை எல்லா மாநிலங்களோடும் ஒப்பிடாமல், சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் டெக்சாசின் குற்றப் போக்கை ஒத்து நடக்கும்படி கலிஃபோர்னியா, விஸ்கான்சின், நெப்ராஸ்கா ஆகியவற்றை உரிய எடையில் கலந்து ஒரு நிழல் டெக்சாசை உருவாக்கினார்கள். இவ்வாறு ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிழல் ஒன்றை அமைத்துப் பார்த்தபோது, சட்டம் வந்த பத்தாம் ஆண்டில் வன்குற்றங்கள் நிழலைவிட 13 முதல் 15 விழுக்காடு அதிகமாக இருந்தன. லாட்டின் பக்கம் நிற்கும் கார்லைல் மூடி, தாமஸ் மார்வெல் போன்றோர் இதை ஏற்கவில்லை. எந்த மாநிலத்தைக் கலவையில் சேர்ப்பது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்ற அவர்களுடைய எச்சரிக்கையில் பொருள் இருக்கிறது. ஆயினும் 'துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும்' என்ற பழைய முடிவை இன்றைய முறைகளால் மீட்க முடியவில்லை என்பது என் துணிபு.

வாவிக்கரை

நான் மட்டக்களப்பில் மனநல மருத்துவராகப் பணியாற்றியவள். இங்கே எல்லோரும் கொலையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஐக்கிய அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அவர்களில் 27,032 பேர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். அரைவாசிக்கு மேல். இந்த எண்ணை நடுவில் வைக்காத எந்த வாதமும் துப்பாக்கி மரணத்தைப் பற்றிய வாதம் ஆகாது.

'சாக முடிவெடுத்தவர் ஒரு வழி இல்லையென்றால் இன்னொரு வழியைத் தேடுவார்' என்பது இதற்குச் சொல்லப்படும் வழமையான மறுமொழி. இதை நான் வைத்தியசாலையில் பல ஆண்டுகள் சக ஊழியர்களிடமிருந்தே கேட்டிருக்கிறேன். எங்கள் நாட்டில் அது பொய்யென்று நிறுவப்பட்டது. 1995 ஆம் ஆண்டில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47. உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. வயல் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கிருமிநாசினியே, அதாவது பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியே, பெரும் காரணம். நச்சுத்தன்மை மிகக் கூடிய வகைகள் 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும், வேறு சில 2008 இற்கும் 2011 இற்கும் இடையிலும் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. துயரம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. போர் நடந்தது, சுனாமி வந்தது. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை குறையவும் இல்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள், அதுதான் வேறுபாடு. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. பிரித்தானியாவிலும் 1960களில் வீட்டு எரிவாயுவிலிருந்து நச்சு வாயு நீக்கப்பட்டபோது மொத்தத் தற்கொலைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இந்தப் பின்னணியில்தான் துப்பாக்கியைப் பார்க்கிறேன். அதனால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அண்மித்த தொகையினர் இறந்துபோகிறார்கள். மனம் மாற இடைவெளி இல்லை, காப்பாற்ற எவருக்கும் நேரம் இல்லை.

மிசிசிப்பிக்கரைத் தம்பி எழுப்பிய 'எது முந்தியது' என்ற கேள்விக்கு இங்கே ஓரளவு விடை உண்டு. டேவிட் ஸ்டடர்ட்டும் குழுவினரும் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அங்கே கைத்துப்பாக்கி விற்பனைகள் பதிவாகின்றன; ஆகவே இறந்தபின் உறவினரைக் கேட்டு அறிய வேண்டிய தேவை இல்லை. துப்பாக்கித் தற்கொலை, வைத்திருந்த ஆண்களில் வைத்திராத ஆண்களைப் போல் 8 மடங்காகவும், பெண்களில் 35 மடங்காகவும் இருந்தது. சாகும் எண்ணத்தோடு வாங்கியவர்கள்தான் இந்த எண்ணை உயர்த்தினார்களா? வாங்கிய முதல் மாதத்தில் ஆபத்து உச்சத்தில் இருந்தது உண்மை. ஆனால் இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை வாங்கி ஓர் ஆண்டு கடந்த பின்னரே நிகழ்ந்தன. பிற வழிகளால் நேர்ந்த தற்கொலைகளில் இரு சாராருக்கும் இடையே அத்தகைய வேறுபாடு இல்லை.

அதே குழுவினர் 2022 இல், தாம் துப்பாக்கி வைத்திராமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழும் பெரியவர்களை ஆராய்ந்தனர். அவர்கள் வாழ்க்கைத் துணையாலோ காதலராலோ வீட்டில் சுட்டுக் கொல்லப்படும் வீதம் மற்றவர்களைப் போல் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். குடை பிடித்தவரைப் பற்றியே பேசினோம் தம்பி. அந்தக் குடைக்குக் கீழே நின்றவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை.

தென்கடல்

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவின் அனுபவத்தை ஏன் எவரும் குறிப்பிடவில்லை? 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின், ஜான் ஹவர்டின் அரசு ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எண்கணியன்

தெளிவானது என்று நாம் நினைப்பதை விடச் சிக்கலானது. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில், ஒரே நேரத்தில் பலர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சிகள் 13 நடந்தன. அதன் பின் 2016 வரை அந்த வரையறைக்குள் வரும் ஒன்றுகூட நடக்கவில்லை என்று சைமன் சாப்மன் குழுவினர் காட்டினார்கள். மறுபுறம், துப்பாக்கிக் கொலைகள் 1996க்கு முன்பே குறைந்துகொண்டிருந்தன என்பதால், சட்டத்தின் தனி விளைவைப் பிரிக்க முடியவில்லை என்று ஜீனின் பேக்கரும் சமரா மெக்ஃபெட்ரனும் 2007இல் எழுதினார்கள். ஆண்ட்ரூ லீயும் கிறிஸ்டீன் நீலும் மாநிலங்களை ஒப்பிட்டு, அதிகத் துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்ட மாநிலங்களில் துப்பாக்கித் தற்கொலை அதிகம் குறைந்ததாகக் கண்டார்கள். இங்கும் உறுதியான சான்று தற்கொலையின் பக்கமே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மேலும், நாற்பது கோடியை ஒட்டிய துப்பாக்கிகள் மக்கள் கையில் உள்ள, அரசியல் சட்டமே அவற்றைக் காக்கும் ஒரு நாட்டுக்கு அந்த வழியை எடுத்துச் சொல்வதில் பயன் குறைவு என்பது என் எண்ணம்.

மிசிசிப்பிக்கரை

டாக்டர் அம்மாவின் பதிவை மூன்று முறை படித்தேன். தற்கொலையைப் பொறுத்தவரை என்னிடம் மறுப்பு இல்லை. குடைக்குக் கீழே நிற்பவர்களைப் பற்றிச் சொன்னது உறைத்தது.

ஆயினும் அதிலிருந்து எந்தச் சட்டம் சரி என்ற முடிவுக்குத் தாவிவிட முடியாது. என் மாநிலத்தின் கதையைச் சொல்கிறேன். மிசௌரியில் கைத்துப்பாக்கி வாங்க, கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃபிடம் அனுமதிச்சீட்டு பெற வேண்டும் என்ற சட்டம் 1921 முதல் இருந்தது. நான் அந்தச் சட்டம் இருந்தபோது வாங்கியவன். ஷெரிஃப் அலுவலகத்துக்கு நேரில் சென்று, படிவம் நிரப்பி, காத்திருந்து பெற்றேன். 2007 ஆகஸ்டில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டேனியல் வெப்ஸ்டரும் குழுவினரும் அதன் பின் துப்பாக்கிக் கொலைகள் ஏறத்தாழ கால் பங்கு கூடியதாக 2014இல் எழுதினார்கள். கனெக்டிகட்டில் 1995இல் இதே வகைச் சட்டம் வந்தபின் 40 விழுக்காடு குறைந்ததாக மறு ஆண்டு இன்னொரு கட்டுரை. ஒரே ஒரு மாநிலத்தைக் கொண்டு, அதுவும் நகரத்துக்கு நகரம் கொலை எண்ணிக்கை இவ்வளவு ஏறி இறங்கும் நாட்டில், இத்தகைய முடிவு சொல்லலாமா? கனெக்டிகட்டின் எண்ணும் ஆண்டுகளை நீட்டிப் பார்த்தபோது 28 விழுக்காட்டை ஒட்டி இறங்கியதே?

எண்கணியன்

உங்கள் ஐயம் சரியானது. ஆனால் நீட்டிப் பார்த்த அதே 2020ஆம் ஆண்டு ஆய்வில் மிசௌரியின் உயர்வு கூடியது, குறையவில்லை. ஒரு மாநிலம் சட்டத்தைக் கொண்டுவந்தபோது குறைவு, இன்னொன்று அதே சட்டத்தை நீக்கியபோது உயர்வு என்று எதிரெதிர்த் திசைகளில் நடந்த இரு நிகழ்வுகள் ஒரே முடிவைச் சுட்டுவது தற்செயலாக நேர வாய்ப்புக் குறைவு.

இதில் நான் வலியுறுத்த விரும்பும் நுட்பம் ஒன்று உண்டு. வாங்குபவரின் குற்றப் பதிவு முதலியவற்றைக் கடையில் கணினி வழியாகப் பார்க்கும் பின்னணிச் சோதனையை மட்டும் எல்லா விற்பனைக்கும் விரித்த கலிஃபோர்னியாவில், அதன் விளைவாகக் கொலையோ தற்கொலையோ குறைந்ததாகத் தெரியவில்லை. கருத்துக்கணிப்புகளில் மக்கள் பேராதரவு தருவது அந்தச் சட்டத்துக்குத்தான். பலன் தெரிவதோ, வாங்குபவர் நேரில் சென்று உரிமம் பெற்றாக வேண்டிய இடங்களில். நீங்கள் ஷெரிஃப் அலுவலகத்தில் நின்ற அந்த நேரம்தான் வேலை செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். பிறருக்காக வாங்கித் தருபவர் அங்கே வரத் தயங்குவார். கோபத்திலோ துயரத்திலோ கிளம்பியவருக்குச் சில நாட்கள் கிடைத்துவிடும்.

இவ்வளவு அடிப்படையான கேள்விகளில் கூட நாம் தடவிப் பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம் ஆய்வாளர்களின் திறமைக் குறைவு அல்ல. எந்த மாநிலத்தில் எத்தனை வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது என்பதே தெரியாது. கூட்டரசு பதிவேடு வைப்பதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சி.டி.சி.யின் தொலைபேசிக் கணக்கெடுப்பில் 2001, 2002, 2004 ஆகிய மூன்றே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, பிறகு இல்லை. ஆகவே ஒரு மாநிலத்துத் தற்கொலைகளில் துப்பாக்கியால் நேர்ந்தவை எத்தனை பங்கு என்பதை வைத்து, அங்கே எத்தனை வீடுகளில் துப்பாக்கி இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். இறந்தவர்களைக் கொண்டு உயிரோடிருப்பவர்களின் அலமாரியைக் கணக்கிடும் நிலை இது. ஜே டிக்கியே பின்னர் மனம் மாறி, ஒரு காலத்தில் தாம் எதிர்த்து நின்ற சி.டி.சி. அதிகாரி மார்க் ரோசன்பர்க்குடன் சேர்ந்து, ஆய்வுக்குப் பணம் தர வேண்டும் என்று 2012இல் எழுதினார். 2019 இறுதியில்தான் 2 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

நூலேணி

அந்தப் பணம் வந்து சேர்ந்த நேரத்தில் நீதிமன்றம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் ப்ரூயன் வழக்கில், பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறாண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. இனி ஒரு துப்பாக்கிச் சட்டம் செல்லுமா என்று பார்க்க அது உயிர்களைக் காக்கிறதா என்று கேட்கக் கூடாது. நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு ஒத்த சட்டம் இருந்ததா என்றே கேட்க வேண்டும் என்று நீதிபதி தாமஸ் எழுதினார். டொனஹ்யூவின் நிழல் மாநிலமும், ஸ்டடர்ட்டின் இரண்டு கோடியே அறுபது லட்சம் பேரும் அந்தத் தேர்வில் நுழைவதற்கே வழியில்லை. இதை நான் பெரும் இழப்பாகக் கருதுகிறேன்.

இதன் விளைவை ரஹிமி வழக்கில் கண்டோம். குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை, இரண்டாம் திருத்தம் எழுதப்பட்ட காலத்தில் அப்படியொரு சட்டம் இல்லை என்று சொல்லி மேல்முறையீட்டு மன்றம் நீக்கியது. மனைவியை அடிப்பதைக் குற்றமாகவே பெரிதும் கருதாத ஒரு நூற்றாண்டில் அதற்கெதிரான சட்டத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திருத்தியது. பழைய சட்டத்தின் அச்சு நகல் வேண்டாம், அதன் அடிப்படை நெறி ஒத்திருந்தால் போதும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் விளக்கினார். தாமஸ் மட்டும் மாறுபட்டார். வரலாற்றை அளவுகோலாக்கியதால் வரலாற்றாசிரியர்கள் இனி நீதிமன்றச் சாட்சிகளாகிவிட்டார்கள். அவர்களுடைய துறையும் காயம் படாததல்ல. குடியேற்றக் காலத்தில் துப்பாக்கிகள் அரிதாகவே இருந்தன என்று வாதிட்ட நூல் ஒன்று வரலாற்று நூல்களுக்கான பாங்க்ராஃப்ட் பரிசு பெற்று, அதன் உயில் ஆவணச் சான்றுகள் பிழையானவை என்று தெரிந்த பின் 2002இல் அந்தப் பரிசு திரும்பப் பெறப்பட்டது.

வாவிக்கரை

சட்டத்தை நீதிமன்றம் பார்க்கட்டும். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2018 முதல் இந்த ஆய்வுகளை எல்லாம் தரம்பிரித்து வருகிறது. மிகவும் இறுக்கமான அளவுகோல். பெரும்பாலான சட்டங்களுக்குப் 'போதிய சான்று இல்லை' என்றே எழுதும். அதிலும் மேல் தரச் சான்று உள்ளதாக ஏற்கப்பட்ட சிலவற்றில் ஒன்று, சிறுவர் கைக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பூட்டி வைக்கக் கோரும் சட்டம். அது இளையோரின் தற்கொலையையும் தற்செயல் காயங்களையும் குறைக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் பூட்டு வேலை செய்கிறது. டேவிட் குரொஸ்மனும் குழுவினரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில் துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், குண்டுகளை நீக்கி வைத்தல், குண்டுகளை வேறிடத்தில் வைத்தல், அவற்றையும் பூட்டுதல் ஆகிய நான்கும் தனித்தனியே காப்பதாகத் தெரிந்தது. வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களோடு உங்கள் மிசௌரியிலும்தான் அந்த வீடுகள் இருந்தன, தம்பி.

மிசிசிப்பிக்கரை

என் மகனுக்குப் பதினைந்து வயது. துப்பாக்கி கட்டிலருகே இழுப்பறையில், குண்டு நிரப்பிய நிலையில், பூட்டில்லாமல் பதினேழு ஆண்டுகளாக இருந்தது. இரவில் கைக்கு எட்ட வேண்டும் என்று அங்கே வைத்தேன். அவன் கைக்கும் அது எட்டும் என்பதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று மாலை எண் பூட்டு உள்ள சிறு பெட்டகம் ஒன்று வாங்கினேன். குண்டுகள் நிலவறை அலமாரிக்குப் போய்விட்டன. அதன் சாவியை மனைவியிடம் கொடுத்திருக்கிறேன்.

பதிவேடு வேண்டாம் என்ற என் நிலை மாறவில்லை. வாங்குவதற்கான உரிமச் சட்டம் குறித்து இன்னும் யோசிக்கிறேன். எண்கணியன் ஐயா, மிசௌரி குறித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் நிழல் மாநிலத்துக்கு எந்தெந்த மாநிலங்களைக் கலந்தார்கள் என்பதை எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.